ரோன் வைனும் ஆட்டுக்கறியும்

துளசிக்குப் பிரெஞ்சு வைனைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் அதிகம் தெரியாது. ஆனால் நான் பாரிசில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்வதால், ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணையின் மகள் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டாள்.

"சித்தப்பா, லூக்கின்ர அம்மா பிரான்சில ரோன் ஆத்துப் பக்கமாம். சின்னனில அந்த ஊர் வைன்தான் அவையின்ர மேசையில இருக்குமாம். வரேக்க ரெண்டு போத்தல் கொண்டு வாங்கோ. இட்ஸ் அ சர்ப்ரைஸ். லூக்குக்கும் சொல்லேல்ல" என்று ரெலிபோனில் சொன்னாள்.

லூக் அவள் கட்டப்போகும் பொடியன். மொன்றியலில் பிறந்தவன். தகப்பன் இல்லை. தாய் மரியான் மகனோடு சில கிழமை நிற்பதற்காக ரொறன்ரோவுக்கு வருகிறார்; அந்த நேரம் இரண்டு வீட்டாரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது என்று ஏற்பாடு. "அந்த மனிசியோட பிரெஞ்சில கதைக்க எங்கட பக்கத்தில ஒருத்தனாவது வேணும், நீ வா" என்று அண்ணை என்னைக் கூப்பிட்டார். அந்நியர் முன் வாய் திறக்கவே கூச்சப்படுகிற என்னை, கதைப்பதற்கென்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஏற்பாடு செய்தது தை மாதத்தில். வைகாசியில் நான் விமானம் ஏறியபோது வன்னியில் சண்டை கடற்கரையோரம் ஒரு துண்டு நிலத்துக்குள் சுருங்கியிருந்தது. அந்தத் துண்டு நிலத்துக்குள் அண்ணியின் ஒரே தம்பி கண்ணனும் அவன் மனைவி வதனியும் மகளும் இருந்தார்கள். அவர்களிடமிருந்து செய்தி வந்து பல கிழமைகள் ஆகியிருந்தன.

போத்தல்களை என் முதலாளி தேர்ந்து தந்தார். கோத் து ரோன் என்று பெயர். ஒரே திராட்சையில் செய்யும் வைன் அல்ல அது. தெற்குப் பிரான்சில் ரோன் ஆற்றின் இரு பக்கத் தோட்டங்களிலும் விளைகிற சில வகைத் திராட்சைகளைக் கலந்து செய்வது. கிரனாஷ் என்ற வகை பழ இனிப்பைக் கொடுக்கும். சிரா நிறத்தையும் மிளகு வாசத்தையும் கொடுக்கும். மூர்வெத்ர் கொஞ்சம் சேர்ந்தால் வைன் நாள்பட நிற்கும் என்பார் முதலாளி. பண்டிகைக்கு எடுக்கிற விலை கூடிய சாமான் இல்லை, வீட்டு மேசைக்கு உரியது. ஆட்டின் தோள் இறைச்சி, மெல்ல அவித்த மாட்டிறைச்சி, பருப்பும் சொசேஜும், கட்டிச் சீஸ் என்று எதனோடும் போகும். மீனோடு மட்டும் சேராது.

எங்கள் குசினியிலிருந்து ஆட்டிறைச்சித் தட்டு வெளியே போனால், பின்னாலேயே இந்தப் போத்தல் போகும். குடித்து முடித்த கிளாஸ் கழுவ வரும்போது அதன் அடியில் மிளகு மணக்கும். எனக்குத் தெரிந்த வைன் அவ்வளவுதான்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இரண்டு போத்தல்களையும் நான் உடுக்கும் சாரத்தில் சுற்றி வைத்திருந்தேன். சாரத்தை விரித்துப் பார்த்து ஏதோ ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் பாதிதான் விளங்கியது. "கல்யாணம்" என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். சிரித்துவிட்டு, சாரத்தை என்னைவிட ஒழுங்காகச் சுற்றித் திருப்பித் தந்தார்.

வெளியே அண்ணை நின்றார். அவரைக் கடைசியாகக் கண்டபோது தலை கறுப்பு. கட்டிப்பிடித்தார். காரில் தமிழ் வானொலி இடங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தது. அவர் அதை நிறுத்தினார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் போட்டார். பாரிசில் ஒரு வீதிக்குள் அடக்கிவிடுகிற கட்டடங்களையெல்லாம் இங்கே பரப்பி வைத்து, நடுவில் கார் விடுவதற்கென்று வெளி விட்டிருக்கிறார்கள். எவ்வளவு ஓடினாலும் ஊர் முடியவில்லை.

ஸ்காபரோவில் வீட்டுக்குள் நுழைந்ததும் பொரித்த மீன் மணத்தது. அண்ணி எனக்குச் சோறு போட்டு, மீன் துண்டை வைத்து, அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் மீன் போடட்டோ?"

"வேண்டாம். பருப்பு காணும்."

"ஏன் வேண்டாம்?"

"மனமில்லை."

"மனமில்லையெண்டா சரி. வேற காரணம் எண்டா, இந்த வீட்டில அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல."

நான் குனிந்து சாப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் இழவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலும் உறவும் சமைத்துக் கொண்டு வரும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மச்சம் இல்லை. மீனும் இறைச்சியும் காய்ச்சும் வீடு என்றால் அது சாவு இல்லாத வீடு. அண்ணி ஒவ்வொரு நாளும் மச்சம் சமைத்துக்கொண்டிருந்ததன் பொருள் அந்த முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது. அண்ணை பருப்பை மட்டும் பிசைந்து சாப்பிட்டதன் பொருளும் விளங்கியது.

அடுத்த நாள் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. அண்ணை வெளியே போகச் சப்பாத்தைப் போட்டார். "நானும் வாறன்" என்றேன். நகரத்தின் நடுவே பெரிய வீதியில் எங்கள் சனம் இருந்தது. இவ்வளவு தமிழர்களை ஒரே இடத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் நான் கண்டதில்லை. முதல் நாள்வரை கோஷம் போட்டுத் தொண்டை கட்டியவர்களாம். அன்றைக்குத் தார் வீதியில் வெறுமனே இருந்தார்கள். வேலைச் சீருடையோடு வந்த ஒரு மனிதர், தன் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனத்துக்குள் அண்ணையைத் தவறவிட்டேன். தனியாகத் திரும்ப வெளிக்கிட்டதுதான் பிழை. பாரிசில் நிலத்துக்குக் கீழே எந்தப் பாதையும் எனக்குப் பழக்கம். இங்கே வீதி அடைத்திருந்ததால் பஸ்கள் வேறு வழியால் ஓடின. கிழக்கே போக வேண்டிய நான் மேற்கே போனேன். எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள் கதைத்தார்கள். எனக்கு விளங்கிய அளவில் அது இது:

"திரும்பவும் வீதியை மறித்துவிட்டார்கள். நான் இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது."

"யார் இவர்கள்?"

"தெரியாது. எங்கேயோ அவர்களுடைய ஆட்கள் செத்துப்போனார்களாம்."

"பாவம்" என்றாள் மற்றவள். பிறகு பல் வைத்தியரைப் பற்றிக் கதைத்தார்கள்.

கடைசித் தரிப்பில் இறங்கியபோது ரெக்ஸ்டேல் என்றார்கள். தொழிற்சாலை வேலை முடிந்து நின்ற ஒரு தமிழ்ப் பெண் என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணை, ஸ்காபரோ போறவரோ? நேர் எதிர்ப்பக்கம் வந்திட்டியள். இந்தக் கிழமை எல்லாரும் இப்பிடித்தான், கண் திறந்திருக்கு, ஒண்டும் தெரியுதில்லை." சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "உங்கட ஆக்கள் ஆரும் உள்ளுக்கையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எங்கட ஆக்களும்" என்றார். பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

அன்று வீட்டில் சண்டை. சனிக்கிழமை விருந்தை நிறுத்தச் சொன்னார் அண்ணை.

"சனம் முழுக்கச் செத்துக் கிடக்கு. நாங்கள் மேசை போட்டு மச்சம் சாப்பிடுறதோ? ஆரும் கேட்டா என்ன சொல்லுறது?"

"என்ர தம்பி உயிரோட இருக்கிறான் எண்டு சொல்லுங்கோ."

"அதை ஆர் கண்டது?"

"செத்ததை ஆர் கண்டது?" என்றார் அண்ணி. "விருந்தை நிப்பாட்டினா ஏன் நிப்பாட்டினது எண்டு ஒரு காரணம் சொல்ல வேணும். அந்தக் காரணத்தை என்ர வாயால சொல்ல மாட்டன்."

துளசி இருவருக்கும் நடுவில் நின்றாள். "அம்மா, போஸ்ட்போன் பண்ணலாம். மரியானுக்கு விளங்கும். ஷீ வோன்ட் மைன்ட்."

"எனக்கு மைன்ட்" என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை அண்ணியோடு வோபர்ன் பக்கம் இறைச்சிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், அண்ணி அவரை நானா என்றுதான் கூப்பிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பம் என்று போகும்போதே அண்ணி சொல்லியிருந்தார். கடை வெறுமையாக இருந்தது. அண்ணியைக் கண்டதும் அவர் கதிரையிலிருந்து எழும்பினார்.

"வாங்கோ தங்கச்சி. இந்தக் கிழமை உங்கட ஆக்கள் ஒருத்தரும் இறைச்சிக்கு வரேல்ல. நீங்கள்தான் முதல் ஆள்."

அண்ணியின் முகம் இறுகியது. "எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்ல நானா."

அவர் வாளித் தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்தார். "அல்லா காப்பாத்துவான். தோள் பக்கம் எடுக்கிறன். எலும்போட வெட்டவோ?"

"ஓம். கண்ணனுக்கு எலும்போட இருந்தாத்தான் பிடிக்கும்" என்றார் அண்ணி. விருந்து வேறு யாருக்கோ என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. கடைக்காரர் என் பக்கம் பார்த்து, "தம்பி பாரிசில எண்டு தங்கச்சி முந்தியே சொன்னவ. அங்க ஆட்டிறைச்சியை என்ன மாதிரிச் சமைக்கிறவை?" என்று கேட்டார். நாங்கள் அதை வைனில் அவிக்கிறோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மெல்லிய நெருப்பில" என்றேன்.

சனிக்கிழமை குசினியில் எனக்கும் அண்ணிக்கும் உறைப்பைப் பற்றி ஒரு வாக்குவாதம். மிளகும் பெருஞ்சீரகமும் அந்த வைனுக்கு நல்லது, மிளகாய்த்தூள்தான் ஆகாது. உறைப்பு நாக்கில் இருக்கும்போது வைன் பட்டால் இரண்டும் சேர்ந்து எரியும் என்றேன். பாதித் தூள் போட்டுத் தேங்காய்ப் பால் கொஞ்சம் கூட விடலாம் என்றேன்.

"உறைப்பில்லாத ஆட்டுக்கறியோ? ராசன், அது ஆசுப்பத்திரிச் சாப்பாடு."

"வாற மனிசிக்கு ஏலாது அண்ணி."

"கண்ணன் வந்தா, எனக்குக் காய்ச்சின மாதிரிக் காய்ச்சேல்ல எண்டு சொல்லுவான்" என்றார். ஒரு கரண்டி தூள் அள்ளிப் போட்டார். இன்னொரு கரண்டியும் போட்டார். நான் என் வேலையைப் பார்த்தேன். வைன் வீட்டுச் சூட்டில் இருந்தால் சாராய நெடி முன்னுக்கு வந்து நிற்கும். ஐஸ் பெட்டியில் வைத்தால் வாசம் செத்துவிடும். ரொறன்ரோவின் வைகாசிப் பின்னேரம் அதற்கென்றே செய்தது போல இருந்தது. போத்தல்களைப் பின் கதவுப் படியில் வைத்துக் காவல் இருந்தேன்.

மரியான் மெலிந்த மனிசி, நரைத்த தலை, கையில் ஒரு பூச்சாடி. அண்ணியைக் கண்டதும் சாடியை மகனிடம் கொடுத்துவிட்டு, அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துப் பிரெஞ்சில் ஏதோ மெல்லச் சொன்னார். செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கும்போது பிரெஞ்சுக்காரர் சொல்லும் வார்த்தை அது. லூக் எதைச் சொன்னானோ, அவர் எதை விளங்கிக்கொண்டாரோ. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்கட தம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டவவாம். நல்ல செய்தி வரவேணும் எண்டு கும்பிடுறாவாம்" என்றேன்.

"வரும் எண்டு சொல்லு" என்றார் அண்ணி.

மேசையில் போத்தலைக் கண்ட மரியான் அதன் ஒட்டுத்தாளை விரலால் தடவினார். "என் தகப்பன் இதில் தண்ணீர் கலந்து பிள்ளைகளுக்கும் தருவார்" என்று என்னிடம் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி என்றால் தண்ணீர் கலக்க மாட்டார். அன்று எங்களுக்கு ஒரு வாய் சுத்தமான வைன்." ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டிருந்த நான் பிரெஞ்சு என்றதும் கதைத்தேன். அண்ணை என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

கறி நான் பயந்தது போலவே இருந்தது. முதல் வாய்க்கு மரியானின் கண்ணில் தண்ணீர் வந்தது. மேலே வைனைக் குடித்தார், எரிவு கூடிற்று. பாண் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். அண்ணி பதைத்துப்போனார்.

"உறைப்போ? கேள் ராசன்."

"எரிகிறது. ஆனால் நிறுத்த மனம் வரவில்லை" என்றார் மரியான். பிறகு குரலைத் தணித்து என்னிடம் கேட்டார்: "வீட்டுக்காரர் ஏன் இறைச்சியைத் தொடவில்லை?"

அண்ணை சோறும் பருப்பும் மட்டும்தான் போட்டிருந்தார். நான் மரியானுக்குச் சொன்னேன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டாததையும், மச்சம் விலக்குவதையும், அண்ணி ஏன் இந்தக் கறியைக் காய்ச்சினார் என்பதையும், வாசலில் மரியான் சொன்ன வார்த்தையை நான் ஏன் அப்படியே சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஓர் அந்நியரோடு நான் அவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

மரியான் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் இறைச்சியைப் பார்த்தார். பிறகு தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி அண்ணியிடம் நீட்டினார்.

"இன்னும் வேணுமாமோ?" அந்தக் கிழமையில் முதல் தடவையாக அண்ணி சிரித்தார். எலும்போடு ஒரு பெரிய துண்டு போட்டார். மரியான் அழுத கண்ணும் சிவந்த மூக்குமாக அதை முழுக்கச் சாப்பிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணை கையை நீட்டி, சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தன் கோப்பையில் வைத்தார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. ஆனால் கண்டார்.

இரண்டாவது வாய்க்குப் பிறகு நானும் வைனைக் குடித்துப் பார்த்தேன். உறைப்பு கொஞ்சம் ஆறியபின் குடித்தால் சேரத்தான் செய்கிறது. முதலில் பழம், பிறகு மிளகு, அதற்குப் பின்னால் ஆட்டுக் கொழுப்பு.

செவ்வாய்க்கிழமை காலை ரெலிபோன் அடித்தது. வதனி. வவுனியாவில் முள்ளுக்கம்பிக்குள் அடைத்து வைத்திருக்கும் இடத்திலிருந்து, யாருடையதோ ரெலிபோனில் கதைத்தாள்.

"அக்கா, நானும் பிள்ளையும் வந்திட்டம். இவர் இல்லை அக்கா. தண்ணிக்குப் போன இடத்தில செல் விழுந்தது. அங்கயே தாட்டுப்போட்டுத்தான் வந்தனாங்கள்."

"எப்ப?" என்றார் அண்ணி.

"நாளெல்லாம் மறந்துபோச்சு அக்கா. சண்டை முடிய ஒரு கிழமைக்கு முதல்."

தொடர்பு அறுந்தது. அண்ணி அழவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்தார். மிஞ்சிய கறி ஒரு பெட்டியில் இருந்தது. அதைக் குப்பையில் கொட்டி, பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"அப்ப அண்டைக்கு அவன் செத்துப்போட்டான்" என்றார். "நான் அடுப்பு மூட்டி இறைச்சி காய்ச்சியிருக்கிறன். எல்லாருக்கும் போட்டிருக்கிறன். நானும் திண்டன்." பிறகு மிக மெதுவாகச் சொன்னார். "ருசியாயும் இருந்தது."

அண்ணை பக்கத்தில் இருந்து, "கேள்விப்பட்ட நாளிலயிருந்துதான் துடக்கும் தீட்டும். அதுக்கு முதல் சாப்பிட்டது கணக்கில்லை" என்றார். அண்ணிக்கு அது கேட்கவில்லை. அக்கம்பக்கத்துத் தமிழ்ச் சனம் சோறும் மரக்கறியும் கொண்டு வந்தது. அவர் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை. துளசி கரண்டியில் எடுத்து ஊட்டப் பார்த்தாள். அண்ணி வாயை மூடிக்கொண்டார். "இந்த வாயாலதானே திண்டனான்" என்றார். தேத்தண்ணீரும் இறங்கவில்லை. அண்ணை விறாந்தையில் நின்று என்னிடம், "ராசன், இவளும் போயிடுவாள் போல கிடக்கு" என்றார்.

அன்று பின்னேரம் மரியானும் லூக்கும் வந்தார்கள். மரியானின் கையில் துவாய் சுற்றிய ஒரு பெரிய சட்டி.

"அடுப்பு மூட்டாத வீட்டுக்கு உறவுக்காரர் கொண்டு வருவார்கள் என்று சொன்னீர்களே" என்றார் என்னிடம். "பருப்பு சூப். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு கிளாஸ் சிவப்பு வைன் ஊற்றுவோம், சொசேஜ் போடுவோம். உங்கள் வழக்கத்தில் எது கூடும், எது கூடாது என்று தெரியவில்லை. அதனால் வெறும் தண்ணீரில் அவித்தேன். கரட், வெங்காயம். வேறு ஒன்றும் இல்லை."

நான் அதை அண்ணிக்குச் சொன்னேன். அண்ணி சட்டியைப் பார்த்தார், சாப்பிட அசையவில்லை. நெடுநேரம் கழித்து என்னைப் பார்த்து, "ராசன், அவவிட்டக் கேள்" என்றார். "அவவின்ர மனுசன் செத்த அண்டைக்கு அவ என்ன சாப்பிட்டவ எண்டு கேள்."

கேட்கக் கூடாத கேள்வி என்று நினைத்தேன். அண்ணை கேள் என்று தலையை ஆட்டினார். கேட்டேன்.

மரியான் திடுக்கிடவில்லை. அண்ணிக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அவர் வேலைக்குப் போன வழியில் விபத்து. காலையிலேயே முடிந்துவிட்டது. எனக்கு ஆள் வந்து சொன்னது பின்னேரம். இடையில் நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். முதல் நாள் மிஞ்சிய கோழி. அன்றைக்கு நல்ல பசி. எலும்பைக்கூட விடாமல் சூப்பினேன். பிறகு கோப்பி குடித்துக்கொண்டே, அவர் வந்ததும் கதவுப் பிடியைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

நான் ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். அண்ணி மரியானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு விளங்குகிற ஆள் மாதிரி.

"கோழியோ?" என்றார்.

"ஓம் அண்ணி. கோழி."

"பிறகு எத்தினை நாளைக்குச் சாப்பிடாமல் இருந்தவவாம்?"

"மறுநாளே சாப்பிட்டேன்" என்றார் மரியான். "லூக் மடியில் இருந்தான். நான் சாப்பிட்டால்தான் அவனும் சாப்பிடுவான்."

அண்ணி துளசியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாளாக அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் அழுதார். வாய் விட்டு, தம்பியின் பெயரைச் சொல்லி, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி அழுதார். மரியான் எழும்பவில்லை. அண்ணியின் முழங்காலில் கையை வைத்தபடி இருந்தார்.

அழுது ஓய்ந்ததும் அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"பிள்ளைக்குப் போடு" என்றார் என்னிடம். "அவவுக்கும் ஒரு கோப்பை வை. சம்பந்தி தன்ர சூப்பைத் தானே பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?"

நான் கோப்பைகளை எடுத்து வைத்தேன். அண்ணி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். விழுங்கினார். இன்னொரு கரண்டி எடுத்தார்.